பல் நிற அடைப்பு: வகுப்பறையில் ஒரு பாடம்

எம்.ரெட்டியபட்டி போன்ற கரிசல்காட்டு ஊர்களில், கபடி ஆடும்போது விழுந்து முன்பல்லின் நுனி உடைந்த மாணவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதன்பின் அவர்கள் எழுந்து வாசிக்கத் தயங்குவார்கள்; சிரித்தால் கை தானாக வாயை மூடும். "வலி இல்லையே" என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். உடைந்த நிலைப்பல் மீண்டும் வளராது. ஆனால், பல்லின் நிறத்திலேயே அதைச் சீராக்கலாம்.

அறிவியல் பின்னணி

எனாமலில் உயிருள்ள செல்கள் இல்லை. உடைந்தால் தானே கூடாது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பி.எச். மதிப்பு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலின் தாதுக்கள் கரைகின்றன. இதுவே சொத்தையின் தொடக்கம்.

எனாமலில் அமிலம் பூசினால் பிசின் உறுதியாக ஒட்டும் என்று 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் காட்டினார். இன்றும் அதுவே அடிப்படை. மருத்துவர் பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் பூசிக் கழுவுகிறார், நுண்துளைகள் உண்டாகின்றன. ஒட்டுப்பொருள் பூசி, பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த காம்போசிட்டைச் சுமார் 2 மி.மீ. அடுக்குகளாக வைக்கிறார். ஒவ்வோர் அடுக்கிலும் நீல ஒளி பட்டதும் மோனோமர்கள் இணைந்து பாலிமராகி இறுகுகின்றன. பாலிமர் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது?

ஈரம் பட்டால் காம்போசிட் சரியாக ஒட்டாது. அதனால் சிறு பிள்ளைகளின் பால்பற்களுக்குக் கண்ணாடி அயனோமர் அடைப்பும் பயன்படுகிறது.

செயல்பாடு

ஒரு முட்டையோட்டுத் துண்டை வினிகரிலும், மற்றொன்றை நீரிலும் ஓர் இரவு வைக்கவும். மறுநாள் மாணவர்கள் இரண்டையும் தொட்டு ஒப்பிடட்டும். ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். பல்லின் தாது வேறு. ஆனாலும் அமிலம் தாதுவைக் கரைப்பது கண்முன் விளங்கும்.

ஆசிரியர் செய்ய வேண்டியவை

• உடைந்த துண்டு கிடைத்தால் பாலிலோ நீரிலோ இட்டு, அன்றே பல் மருத்துவரிடம் அனுப்புக. அதையே ஒட்டவும் வாய்ப்புண்டு.
• கரும்புள்ளி, குழி தெரிந்தால் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டுக.
• சொத்தை பற்கூழை எட்டிவிட்டால் அடைப்பு மட்டும் போதாது. வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவைப்படலாம். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

வாயை மூடிய கை கீழே இறங்கினால், அந்தப் பிள்ளையின் குரலும் வகுப்பில் கேட்கும்.