வெயிலை வீட்டுக்குள் கூப்பிடுவோம்



தை, மாசிப் பனி போய்விட்டது. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பெரட்டுக்குப் போன காலம் முடிந்து, பங்குனி, சித்திரை வெயில் வந்திருக்கிறது. ஏப்ரல் 5 முதல் 15 வரையில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நகர்ந்து போகிறது. பிற்பகலில் இடிமழை வந்தாலும் காலை வெயில் பளிச்சென்று அடிக்கும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் துணி காய்வதே பெரும்பாடு. ஊவாப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆனி, ஆடியிலும் வெயில் உண்டு. மற்றவர்களுக்குக் கையில் இருப்பது சில வாரங்கள்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதே இந்த மாதப் பாடம்.

ஒரு லயத்துக்குப் போயிருந்தபோது நாங்கள் கண்டதை முதலில் சொல்கிறோம். பட்டப்பகலில் காம்பராவுக்குள் இருட்டு. சின்னப்பிள்ளை ஒன்று அடுப்புப் பக்கம் இருந்து இருமிக்கொண்டிருந்தது. சுவரில் சன்னல் இருந்தது. ஆனால் ஆணி அடித்து மூடியிருந்தது. "ஏன் அக்கா?" என்று கேட்டோம். "பின்னால கான் நாறுதுங்க. தொறந்தா சோறு திங்க முடியல. மூடி ரெண்டு வருசமாச்சு" என்றார்.

அந்தக் கான் அவர் ஒருவருடையது அல்ல. லயத்தில் இருக்கும் எல்லா வீட்டுத் தண்ணீரும் அதில்தான் ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவராக மண்வெட்டியோடு இறங்கி அடைப்பை எடுத்தார்கள். அன்று அந்தியிலேயே அக்கா ஆணியைப் பிடுங்கினார். மூத்த மகள் சன்னலோரத்தில் உட்கார்ந்து பாடம் எழுதினாள். ஒரு வீட்டுக்கு வெளிச்சம் வர, முழு லயமும் கை கொடுக்க வேண்டியிருந்தது. இதை மறக்க வேண்டாம்.

இனி நாம் செய்யக்கூடியவை:

1. படுக்கையைக் காய வைப்போம். பாய், சாக்கு, கம்பளி, தலையணை எல்லாவற்றையும் காலையில் வெயிலில் போட்டு, மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். ஈரமும் பூஞ்சணமும் இழுப்பு உள்ளவர்களுக்கு நோயைக் கூட்டும். கொழுந்துக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

2. விறகைக் காய வைப்போம். ஈர விறகுதான் அதிகம் புகையும். அந்தப் புகை அடுப்படியில் நிற்கும் பெண்களின் நெஞ்சையும் சின்னப்பிள்ளைகளின் நெஞ்சையும் கெடுக்கும். இப்போதே பிளந்து காயவைத்து, நனையாத இடத்தில் அடுக்கினால் மழைக்காலத்தில் புகை குறையும். புகைபோக்கி இருந்தால் கரியைச் சுரண்டி எடுங்கள். சமைக்கும் நேரத்தில் பிள்ளையை இஸ்தோப்பில் வைத்திருங்கள்.

3. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம். கரி பிடித்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளைச் சுவர் திருப்பிக் கொடுக்கும். புத்தாண்டுக்கு வாங்கும் அட்வான்ஸில் முதலில் இதற்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். தவறணையில் ஒரு அந்திக்குப் போகும் காசே இதற்குப் போதும் என்று பல வீட்டு அம்மாமார் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்; கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

4. கூரையில் ஒரு வெளிச்சம் கேட்போம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவரே அடுத்த வீட்டுச் சுவர். அங்கே சன்னலுக்கு வழியில்லை. ஒரு தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் விடும் தகடு போட்டால் பகலில் விளக்கு வேண்டாம். லயம் தோட்டத்துக்குச் சொந்தமானதால் நிர்வாகத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். தனித்தனியாகப் போகாமல், லயத்தார் எல்லோரும் கையெழுத்து வைத்து ஒரே கடிதமாகக் கொடுங்கள்.

5. வாசலில் ஒரு பச்சை வைப்போம். பழைய பால்மாத் தகரத்தில் செவ்வந்தியோ கீரையோ போடலாம். தகரத்தின் அடியில் ஆணியால் மூன்று துளை போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி நுளம்பு முட்டையிடும். கொஞ்சம் நிலம் இருந்தால் போஞ்சியும் முள்ளங்கியும் போடுங்கள். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் கறிக்கு வந்துவிடும்.

6. அந்தியில் அரை மணி நேரம் இஸ்தோப்பில் உட்காருவோம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாவுக்கு அப்பா ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் குறைந்துபோக மாட்டார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்ததை வாசிக்கட்டும். எழுத்துத் தெரியாதவர்களும் காது கொடுத்துக் கேட்கலாமே!

"லயத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல வீடும் சொந்த நிலமும் கேட்கும் நம் கோரிக்கையை நாம் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் அது கிடைக்கும்வரை இருமுகிற பிள்ளை காத்திருக்க முடியாது.

வீட்டில் பேசிப் பார்ப்போம்:

- நம் காம்பராவில் மூடியே கிடக்கும் கதவு, சன்னல் எது? ஏன் மூடினோம்?
- நம் லயத்துக் கானை எந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யலாம்? யாரைக் கூப்பிடலாம்?
- மழைக்கு எத்தனை நாள் விறகு சேர்த்திருக்கிறோம்?

வெயில் எல்லா லயத்துக்கும் ஒரேமாதிரித்தான் அடிக்கிறது. கதவைத் திறந்து வைப்போம்.