வீட்டு வளவிற் புள்ளினம்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதை மாணவர் யாவரும் அறிவர். அம்மயில் குளிரால் நடுங்கியதென எண்ணி இரங்கிய அவனது உள்ளம் போற்றத்தக்கதே. ஆயின், மயிலுக்கு அதன் இறகே போர்வை. அதற்கு வேண்டுவன புதரும் இரையும் நீருமாம். அன்போடு அறிவும் கூடியவிடத்தே பிறவுயிர்க்கு நாம் செய்யும் உதவி முழுப்பயன் தரும். இவ்வுண்மையைக் கற்பதற்குக் காடு செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு வளவே போதும்.

பறவைகளை வளவுக்கு அழைத்தல் என்றவுடன் சோறிடுதலையே பலர் நினைக்கின்றனர். புரட்டாதிச் சனியிற் காகத்துக்கு அன்னமிடுதல் நமது மரபு. அதனை விடல் வேண்டா. ஆயினும், மிஞ்சிய சோற்றை நாள்தோறும் முற்றத்திற் கொட்டினாற் காகக் கூட்டம் அங்கேயே நிலைகொள்ளும். காகமோ சிறுகுருவிகளின் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்துண்பது. எனவே, சோறு பெருகச் சிறுகுருவி அருகும். நாம் புதிதாக எதனைக் கொடுக்கின்றோம் என்பதைவிட, வளவில் உள்ளவற்றுள் எவற்றை அழியாது விடுகின்றோம் என்பதே முதன்மையானது.

வேலி

நம் முன்னோர் கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை நட்டு வேலி அமைத்தனர். அவ்வேலி காணிக்கு எல்லை, ஆட்டுக்குக் குழை, தோட்டத்துக்குப் பசளை, புள்ளினத்துக்கு உறையுள். முள்முருக்கு இலையுதிர்த்துச் செந்நிறமாய்ப் பூக்குங் காலத்தில் தேன்சிட்டும் மைனாவும் அதனை நாடி வரும். வேலியிற் படர்ந்த கொவ்வை பழுத்தாற் கிளியும் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். தையற்சிட்டு இலையின் விளிம்பைத் துளைத்துச் சிலந்தி நூலாலும் பஞ்சிழையாலும் தைத்து, அப்பையினுள்ளே கூடு அமைக்கும். கொண்டைக்குருவி அடர்ந்த கிளைகளினிடையே இரண்டு மூன்று முட்டைகளிட்டு ஏறத்தாழ 14 நாள் அடைகாக்கும். ஆதலின், வேலி வெட்டுமுன் கூடு உளதோ எனப் பார்த்தலும், உளதாயின் அவ்விடத்தை மட்டுமேனும் சில கிழமை விட்டுவைத்தலும் கடன்.

இந்நாளில் வேலிகள் நீங்கி மதில்கள் எழுகின்றன. காவலின் பொருட்டு மதில் கட்டுவாரை நாம் குறை கூறோம். ஆனால், மதிலின் உட்புறத்தே மூன்றடி அகலம் நிலம் விட்டு, செவ்வரத்தை, நொச்சி, அன்னமுன்னா என்பவற்றை நெருக்கி நடுதல் யாவர்க்கும் இயலும். மதில் காவலைத் தர, செடிநிரை குருவிக்கு ஒதுக்கிடந் தரும்.

சருகும் பட்ட மரமும்

முற்றங் கூட்டுதல் நற்பழக்கம். அப்பழக்கத்தைக் கோடிப்புறத்து மாமரத்தின் அடிவரை கொண்டு செல்ல வேண்டா. அங்கே சருகு கிடக்கட்டும். சருகிலே பூச்சியும் புழுவும் வாழும். அவற்றை உண்ணப் புலுனி வரும். புலுனிகள் ஏழெட்டாய்க் கூடித் திரிவன. ஏனையவை சருகைக் கிளறும்போது ஒன்று உயர இருந்து காவல் செய்யும். பூனையையோ பருந்தையோ கண்டாற் குரலெழுப்பும். குஞ்சுகளுக்கு இரையூட்டுவதிலும் கூட்டத்தின் பிற புலுனிகள் துணைபுரியும். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுதல்போலச் சுடலைக்குயில் இப்புலுனியின் கூட்டிலேயே முட்டையிடுகின்றது. புலுனி நீங்கின் அதுவும் நீங்கும்.

அச்சருகை நாடி வரும் விருந்தாளி ஒன்றும் உண்டு. அதுவே ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இப்பறவை, மாரி தொடங்குங் காலத்தில் இலங்கைக்கு வந்து, சித்திரையளவில் மீளும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூவுதலின் இப்பெயர் பெற்றது. அத்துணைத் தொலைவு பறந்து வரும் உயிர் நம் கோடிப்புறத்தில் தேடுவது சிறிது நிழலும் சிறிது சருகுமே.

பட்டுப்போன பனையோ தென்னையோ வீட்டுக்கும் வழிக்கும் ஊறின்றி நிற்குமாயின் அதனைத் தறித்தல் வேண்டா. மரங்கொத்தி அதிலே பொந்து குடையும். அது விட்டுச்சென்ற பொந்திற் பின்னர் மைனாவும் கிளியும் குடியேறும். தென்னிலங்கை மரங்கொத்தியின் முதுகு சிவப்பு. நமது வடபகுதி மரங்கொத்தியின் முதுகு பொன்னிறம். இதன் அறிவியற் பெயரில் யாழ்ப்பாணத்தின் பெயரும் சேர்ந்துளதென்பதை மாணவர் அறிந்து மகிழ்தல் தகும்.

நீர்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. துலாவால் நீர் இறைத்த காலத்திற் கிணற்றடியிற் சிந்திய நீரும் வாழைப்பாத்தியில் தேங்கிய நீரும் புள்ளினத்தின் விடாய் தீர்த்தன. இன்று நீர் குழாய்வழியே வீட்டினுட் செல்கின்றது. எனவே, வெயிற்காலத்தில் அகன்ற மட்சட்டியொன்றில் நீர் வைத்தல் பேருதவியாகும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேற்படலாகாது. நடுவே ஒரு கல் இருத்தல் நன்று. பூனை பதுங்காவண்ணம் புதரினின்று ஆறடி தள்ளி, ஆயினும் அமர ஒரு கிளை அணித்தாயிருக்க வைத்தல் வேண்டும். நுளம்பு முட்டையினின்று வளர்ந்து பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். ஆதலின் நீரை நாள்தோறும் மாற்றி, கிழமைக்கு இருமுறை சட்டியைத் தேய்த்துக் கழுவினால் டெங்கு நோய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை.

கிருமிநாசினி பற்றியும் ஒரு சொல். தேன்சிட்டு தேனுண்பதாயினும் தன் குஞ்சுக்குப் பூச்சியையே ஊட்டும். பூச்சியனைத்தையும் கொன்ற வளவிற் பூ இருப்பினும் அக்குஞ்சுக்கு உணவில்லை.

காணும் முறை

விடியலிற் கால்மணி நேரம் திண்ணையில் அசையாது இருத்தல் வேண்டும். முதலிற் செவி, பின்னரே கண். கேட்ட குரலை உணர்ந்து, அது வந்த திசையை நோக்குக. குறிப்பேட்டில் நாள், நேரம், பறவை, இருந்த இடம், செய்த செயல் என ஐந்து நிரல் வகுத்து எழுதுக. பெயர் தெரியாவிடின் அலகு, வால், நிறம், நடை என்பவற்றைக் குறித்து, வீட்டு முதியோரை வினவுக. கூட்டைத் தொடுதலும் அடிக்கடி அணுகுதலும் ஆகா. ஓராண்டு இவ்வாறு எழுதிய மாணவன், எப்பறவை எத்திங்களில் வரும், எம்மரத்தில் தங்கும் என்பதைத் தானே கூறவல்லவனாவான்.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. அன்றிலையும் சக்கரவாகத்தையும் விடைத்தாளில் எழுதும் மாணவர் பலர், தம் வேலியில் இருப்பதைக் ‘குருவி’ என்ற பொதுப்பெயரால் மட்டுமே சுட்டுகின்றனர். புலுனி, செண்பகம், மாம்பழக்குருவி, சுடலைக்குயில் என்பன அகராதியில் மட்டும் கிடக்க வேண்டிய சொற்கள் அல்ல. பொருள் கண்ணினின்று மறையின் சொல்லும் நாவினின்று மறையும். அகத்திணைப் பாட்டிற் பறவையின் இயல்பைக் கருப்பொருளாய் அமைத்த புலவர் அதனை நேரிற் கண்டறிந்தவர். கண்டறியாதவன் அப்பாட்டின் உரையை மனனஞ் செய்யலாம். சுவையை உணர்தல் அரிது.

இவ்விழா மலரைக் கையேந்தும் பழைய மாணவருள் ஊரில் வளவுடையோர் பலர். பிறநாட்டிலிருந்து வந்து வீடு புதுக்குவோரும் உளர். அவர்களை நாம் வேண்டுவது பெரிதன்று. வரும் ஐப்பசி கார்த்திகை மழையில் உங்கள் வளவின் ஓரத்திற் பத்துக் கதியால்களேனும் நடுங்கள். கோடிப்புறத்தின் ஒரு மூலையைக் கூட்டாது விடுங்கள். பின்னர் உங்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் திண்ணையில் அருகிருத்தி, வரும் பறவை ஒவ்வொன்றையும் அதன் தமிழ்ப் பெயரால் அவர்க்கு அறிமுகஞ் செய்யுங்கள்.