நீலத் தலைக் கேபிளும் மங்கிய எழுத்தும்

நம்பிக்கை: எந்தக் கேபிளில் கொடுத்தாலும் படம் ஒன்றுதான்.

நண்பர் ஒருவர் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர். புது மானிட்டர் வாங்கிய ஒரு மாதத்தில், "கண்ணாடி பவர் ஏறிடுச்சு போல இருக்குண்ணா, ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வித்தியாசமே தெரியல" என்றார். போய்ப் பார்த்தேன். ‘க்’கின் மேல் உள்ள புள்ளி வலப்பக்கமாகச் சாம்பல் நிறத்தில் இழுபட்டிருந்தது. ‘ண’வின் மூன்று சுழிகளுக்கு இடையே இருக்க வேண்டிய வெள்ளையைக் காணோம். மானிட்டரின் பின்னால், பழையதிலிருந்து கழற்றி மாட்டிய நீலத் தலை விஜிஏ கேபிள் தொங்கியது. குறை அவர் கண்ணில் இல்லை.

விஜிஏவை 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது ஐபிஎம். அது பிக்சர் டியூப் மானிட்டர்களின் காலம். டியூபுக்குள் எலெக்ட்ரான் கற்றையைக் கூட்டிக் குறைப்பது மின்னழுத்தம்தான். அதனால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்பியது மிகப் பொருத்தமான ஏற்பாடு. தட்டை மானிட்டரின் கதை வேறு. 1920 x 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறமும் கணினிக்குள் வெறும் எண். விஜிஏவில் போனால் அந்த எண்ணைக் கிராபிக்ஸ் கார்டு மின்னழுத்தமாக மாற்றுகிறது. மானிட்டர் அதை அளந்து மறுபடி எண்ணாக்குகிறது. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்போது ஒரு புள்ளியை அளக்கக் கிடைக்கும் நேரம், ஒரு நொடியை 14.85 கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அளக்கும் கணம் இம்மி தவறினாலும் பக்கத்துப் புள்ளியின் நிறம் கலந்துவிடும். நண்பரின் ‘க்’கில் நான் பார்த்த சாம்பல் இழுப்பு அதுதான். டிவிஐ, ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய டிஜிட்டல் இணைப்புகள் மூன்றிலும் எண் எண்ணாகவே போய்ச் சேர்கிறது.

நம்பிக்கை: விஜிஏ என்றாலே மங்கல்தான், தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்படியில்லை. முதலில் கணினியின் ரெசல்யூஷன் மானிட்டரின் சொந்த அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தவறியிருந்தால் எந்தக் கேபிளும் காப்பாற்றாது. பிறகு எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்துவைத்து, மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்துங்கள். கறுப்புப் படம் இருக்கும்போது அழுத்தினால் திரையின் ஓரம் எது என்று தெரியாமல் மானிட்டர் தடுமாறும். நண்பர் வீட்டில் இதைச் செய்ததுமே பாதி மங்கல் போய்விட்டது. மீதிப் பாதி ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்டிய பிறகுதான் போனது. 1280 x 1024 அளவுள்ள பழைய 17, 19 அங்குலத் திரைகளுக்கு, நீளம் குறைந்த நல்ல விஜிஏ கேபிள் இன்றைக்கும் போதும் என்பேன்.

நம்பிக்கை: ஹெச்டிஎம்ஐ கேபிளின் விலை ஏற ஏறப் படம் துல்லியமாகும்.

தங்க முலாம் பூசியதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். டிஜிட்டலில் கேபிள் சரியில்லையென்றால் திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும், அல்லது படம் விட்டுவிட்டு அணையும். எழுத்து மட்டும் லேசாக மங்குவதற்குக் கேபிள் காரணமாக இருக்காது. பார்க்க வேண்டியது வேகத் தரத்தையும் நீளத்தையும்தான். 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு திக்கித் திக்கி நகர்கிறதா? கணினியின் ஹெச்டிஎம்ஐ பழைய 1.4 வகையாக இருக்கலாம். அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். புதுக் கேபிள் வாங்கிப் பயனில்லை.

நம்பிக்கை: டிஜிட்டலுக்கு மாறிவிட்டால் எதையும் சரிசெய்ய வேண்டாம்.

ஹெச்டிஎம்ஐ டிவிக்காகவும் பிறந்தது. சில கணினிகள் மானிட்டரை டிவி என்று எண்ணி, 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய நிற அளவை 16 முதல் 235 வரை சுருக்கிவிடுகின்றன. கறுப்பு வெளிறிப்போகும். "விஜிஏவிலேயே நிறம் நன்றாக இருந்ததே" என்று சிலர் சொல்வது பொய்யில்லை. கிராபிக்ஸ் கார்டின் அமைப்பில் ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகும்.

நம்பிக்கை: சின்ன அடாப்டர் ஒன்று போட்டால் எதையும் எதோடும் இணைக்கலாம்.

ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போக, எண்ணை மின்னழுத்தமாக்கும் சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும். வெறும் கம்பி வேலைக்காகாது. சிப் உள்ளதை வாங்கினாலும் மறுபடி மின்னழுத்தத்தில், அதாவது அனலாக்கில்தான் வந்து நிற்கிறோம். ஆனால் ஹெச்டிஎம்ஐக்கும் டிவிஐக்கும் படத்தை அனுப்பும் முறை ஒன்றே என்பதால், அவ்விரண்டுக்கும் நடுவே சாதாரணக் கேபிளே போதும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மானிட்டரை வாங்கியவர்கள் அதன் பின்பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நீல விஜிஏ சாக்கெட்டுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், அகலமான டிவிஐ சாக்கெட் ஒன்றும் இருக்கக்கூடும். தூசி படாமலிருக்கப் போட்ட மூடி அதன் மேல் இன்னும் அப்படியே இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.