காலம் அறியும் மூளை

மாங்கன்று நட்ட ஆண்டிலேயே பூப்பதில்லை. வேர் ஊன்றி, அடி தடித்து, கிளை பரப்பிய பின்னரே பூக்கத் தொடங்குகிறது. மக்கள் வாழ்விலும் அத்தகைய காலம் ஒன்று உண்டு. சிறுவரும் சிறுமியரும் உடல் முதிர்ந்து, மகப்பேற்றுக்குரிய ஆற்றலைப் பெறும் அக்காலத்தைப் பருவமெய்துங் காலம் என்பர். அக்காலம் வந்துவிட்டதென உடலுக்கு அறிவிப்பது யாது?

அறிவிப்பது மூளையே. மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உள்ளது. அதன்கீழ்ப் பட்டாணி அளவினதாகிய பிட்யூட்டரிச் சுரப்பி தொங்குகிறது. ஹைப்போதலாமஸ் ஒருவகை ஹார்மோனைச் சுரந்து, நுண்ணிய குருதிக் குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது. பிட்யூட்டரி வேறு ஹார்மோன்களைக் குருதியில் கலக்கிறது. அவை பெண்ணின் சூற்பையையும் ஆணின் விரையையும் தூண்டுகின்றன. மூளை இவ்வாறு குருதி வழியே பிட்யூட்டரியை ஏவுகிறது என்பதை ஆங்கில அறிஞர் ஜெப்ரி ஹாரிஸ் நிலைநாட்டினார். மூளை அனுப்பும் அத்தூதுப்பொருளின் அமைப்பை, 1971ஆம் ஆண்டில் ஷாலி, கில்லமின் ஆகிய இருவர்தம் ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன. பன்றி, ஆடு ஆகியவற்றின் மூளைகளினின்று அதனைப் பிரித்தெடுத்தனர். 1977ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவ்விருவரும் பங்கு பெற்றனர்.

தூது இன்னதெனத் தெரிந்தது. அது செல்லும் முறையைத் தெளிவுறக் காட்டியவர், அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எர்னஸ்ட் க்னோபில் ஆவார். அவர் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு ஆராய்ந்தார். வட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் இக்குரங்குகளின் உடலியக்கம், மக்களின் உடலியக்கத்தைப் பெரிதும் ஒத்தது. மூளையில் அத்தூதுப்பொருள் தோன்றுமிடம் செயலற்ற குரங்குகளுக்கு, அவரும் துணைவரும் அப்பொருளைப் புறத்தேயிருந்து செலுத்தினர். இடையறாது செலுத்தியபோது பிட்யூட்டரி ஓய்ந்துபோயிற்று. மணிக்கொருமுறை சில நிமிடங்களே செலுத்தியபோது அது மீண்டும் தொழிற்பட்டது. இவ்வுண்மை 1978ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓயாது ஒலிக்கும் மணியை ஊரார் பொருட்படுத்துவதில்லை. விட்டு விட்டு ஒலிக்கும் மணியே நேரத்தை உணர்த்தும். பிட்யூட்டரியின் இயல்பும் அத்தகையதே.

1980ஆம் ஆண்டில் க்னோபில் குழுவினர் மற்றோர் ஆய்வினை வெளியிட்டனர். பருவமெய்தாத இளம் பெண்குரங்குகளுக்கு அப்பொருளை மணிக்கொருமுறை செலுத்தினர். அக்குரங்குகள் உரிய காலத்திற்கு முன்னரே பருவமெய்தின. செலுத்துவதை நிறுத்தியதும் மீண்டும் இளமை நிலைக்கே திரும்பின. ஆகவே, பிட்யூட்டரியும் சூற்பையும் முன்னமே ஆயத்தமாக உள்ளன. மூளையின் தூது வாராமையே பருவத்தைத் தாழ்த்துகிறது என்பது புலனாயிற்று.

தூது ஏன் வருவதில்லை? குழந்தையின் மூளைக்கு அதனை அனுப்பத் தெரியாது எனக் கருதுதல் பொருந்தாது. பிறந்த சில மாதங்கள் வரை அத்தூது செல்கிறது. பின்னர் மூளையே அதனை அடக்கிவிடுகிறது. இனப்பெருக்கச் சுரப்பிகள் நீக்கப்பட்ட குரங்குக் குட்டிகளிடத்தும் அவ்வடக்கம் காணப்பட்டது. ஆதலின், அடக்குவது மூளையே என்பது உறுதியாயிற்று. காபா என்னும் பொருள் அவ்வாறு அடக்குவனவற்றுள் ஒன்று. அடக்கம் தளருங்கால் தூது மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது.

துடிப்பைத் தூண்டும் பொருளும் ஒன்று உண்டு. அதன் பெயர் கிஸ்பெப்டின். 1996ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹெர்ஷி என்னும் ஊரில் புற்றுநோயை ஆராய்ந்தோர் ஒரு மரபணுவைக் கண்டனர். அவ்வூரில் செய்யப்பட்ட புகழ்பெற்ற சாக்கலேட்டின் பெயரைத் தழுவி அதற்குப் பெயரிட்டனர். பருவத்திற்கும் அதற்கும் தொடர்புண்டென அப்போது எவரும் எண்ணினாரல்லர். 2003ஆம் ஆண்டில், கிஸ்பெப்டினை ஏற்கும் உறுப்புப்பொருள் குறைபட்டோர் பருவமெய்துவதில்லை என்பதைப் பிரான்சிலும் அமெரிக்காவிலும் ஆய்ந்தோர் தனித்தனியே அறிந்தனர். பின்னர், இளம் ஆண்குரங்குகளுக்குக் கிஸ்பெப்டினை மணிக்கொருமுறை செலுத்தியபோது, அவற்றின் மூளை தன் தூதினை முறையாக அனுப்பியதை 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று.

குரங்கினிடத்துக் கண்ட இவ்வறிவு குழந்தைகளுக்கு மருந்தாகப் பயன்பட்டது. சில குழந்தைகள் ஐந்து, ஆறு அகவையிலேயே பருவமெய்தத் தொடங்குவதுண்டு. அவர்தம் எலும்புகள் விரைந்து முதிர்ந்து, வளர்ச்சி முன்னரே நின்றுவிடும், உள்ளமும் அல்லலுறும். தூதுப்பொருளை ஒத்ததோர் மருந்தை இடையறாது உடலில் நிலைபெறச் செய்தால், பிட்யூட்டரி ஓய்ந்து அம்மாற்றம் நின்றுவிடும். 1981ஆம் ஆண்டு முதல் மருத்துவர் இம்முறையை வெளியிட்டுக் கையாளலாயினர். உரிய அகவையில் மருந்தை நிறுத்தினால் பருவம் தானே தொடரும். தூது தோன்றாதோருக்கு அதனை விட்டு விட்டுச் செலுத்திப் பயன் காண்பதும் உண்டு. பொருள் ஒன்றே, அளிக்கும் முறையால் அஃது அடக்கவும் செய்கிறது, எழுப்பவும் செய்கிறது.

பெரும்பாலும் சிறுமியர் எட்டு முதல் பதின்மூன்று அகவைக்குள்ளும், சிறுவர் ஒன்பது முதல் பதினான்கு அகவைக்குள்ளும் இம்மாற்றத்தைத் தொடங்குவர். ஒரே வகுப்பில் பயில்வோருள் ஒருவர் முந்துவதும் ஒருவர் பிந்துவதும் இயல்பு. பிறப்பு வழியும் உணவும் அதனை வேறுபடுத்தும். முந்தியோர் நாணுதற்கும், பிந்தியோர் வருந்துதற்கும், பிறர் எள்ளுதற்கும் இதில் ஏதும் இல்லை. இவ்வெல்லைக்கு மிக முந்தினாலும் பிந்தினாலும், பெற்றோரிடம் மறையாது கூறி மருத்துவரை நாடுதல் வேண்டும். வளர்வதற்கும் கற்பதற்கும் நெடிய இளமையை அளித்து, காலம் வந்துழி மணியை ஒலிப்பது மூளையின் தொழில். அம்மணி எல்லோர்க்கும் ஒரே நாளில் ஒலிப்பதில்லை.