மலையைத் துளைத்த எந்திரம்

இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் பார்வதி என்னும் ஆறு பாய்கிறது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற மணிகரண் அதன் கரையில்தான் உள்ளது. மலைத்தொடரின் மறுபுறம் சைஞ்ச் ஆற்றின் பள்ளத்தாக்கு. இவ்விரண்டும் பியாஸ் ஆற்றின் துணையாறுகள். பார்வதியின் நீரை மலைக்குள் செலுத்திச் சைஞ்ச் பள்ளத்தாக்கில் இறக்கினால், 860 மீட்டருக்கும் மேற்பட்ட வீழ்ச்சி கிடைக்கும். அந்த வீழ்ச்சியின் விசையால் 800 மெகாவாட் மின்சாரம் பெறலாம். இதுவே பார்வதி இரண்டாம் நிலை நீர்மின் திட்டம். இதற்கு 1999இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

நீர் செல்ல வேண்டிய சுரங்கத்தின் நீளம் 31 கிலோமீட்டருக்கும் மேல். பாறையில் துளையிட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்ப்பதே பழைய முறை. மலையுச்சிகள் மிக உயர்ந்திருக்கும் இடங்களில் பக்கவழிகள் அமைத்துப் பல முனைகளில் வேலை செய்வது அரிது. ஆகவே, ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவைச் சுரங்கம் துளைக்கும் எந்திரத்தால் குடைய முடிவு செய்தனர்.

அவ்வெந்திரத்தின் முகப்பில் வட்டமான வெட்டுத்தலை உண்டு. அதில் கடினமான எஃகுச் சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். எந்திரத்தின் பக்கங்களில் உள்ள பிடிப்பான்கள் சுரங்கச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். உந்துதண்டுகள் வெட்டுத்தலையை முன்னோக்கி அழுத்தும். தலை சுழலும்போது சக்கரங்கள் பாறையை நசுக்கிச் சில்லுகளாகப் பெயர்க்கும். அச்சில்லுகளைக் கன்வேயர் பட்டை பின்னால் கொண்டுசெல்லும். வெடியின் அதிர்ச்சி இல்லாததால், சுற்றியுள்ள பாறை அதிகம் சிதைவதில்லை. சுரங்கச் சுவரும் வழவழப்பாக அமைவதால் நீரின் உராய்வு குறைகிறது.

எனினும் இமயமலை இளமையான மலை. அதன் பாறைகள் மடிந்தும் முறிந்தும் கிடக்கின்றன. உறுதியான பாறையை அடுத்து நொறுங்கிய பாறையும், அதனுள் அழுத்தத்தோடு தேங்கிய நீரும் இருக்கக்கூடும். இதனை முன்கூட்டியே அறிய, எந்திரத்திற்கு முன்னால் நீண்ட துளைகள் இட்டுச் சோதிப்பது வழக்கம். பார்வதித் திட்டத்தில் அத்தகைய சோதனைத் துளை ஒன்றின் வழியாகவே ஆபத்து வந்தது. மலையின் ஆழத்தில் அடைபட்டிருந்த நீர், மணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு சுரங்கத்திற்குள் பாய்ந்தது. எந்திரம் சேற்றில் புதைந்தது.

வெடிவைக்கும் முறையில் துளையிடும் கருவியைப் பின்னுக்கு இழுத்துவிடலாம். சுரங்கத்தையே நிறைத்து நிற்கும் எந்திரத்தை அவ்வாறு எளிதில் அகற்ற இயலாது. பக்கவாட்டிலும் இடமில்லை. சேற்றை அகற்றி, நீரை வடித்து, நெகிழ்ந்த பாறையைச் சிமெண்டுக் கலவையால் இறுக்க வேண்டியிருந்தது. பணி பல ஆண்டுகள் தடைப்பட்டது.

அதே திட்டத்தில், மின்நிலையத்திற்கு நீரை இறக்கும் சாய்வான சுரங்கங்களும் எந்திரங்களாலேயே குடையப்பட்டன. ஆகவே, குறை எந்திரத்தில் மட்டும் இருந்ததென்று கூற முடியாது. எந்தப் பாறைக்கு எந்த முறை பொருந்தும் என அறிவதே பொறியாளரின் முதற்கடமை. மலையின் உட்புறத்தை முழுமையாகக் காட்டும் கண் எவரிடமும் இல்லை. ஆதலால் எச்சரிக்கையும் பொறுமையும் உடன்வர வேண்டும்.

2025ஆம் ஆண்டு, தலா 200 மெகாவாட் திறனுடைய நான்கு அலகுகளும் இயங்கத் தொடங்கின. அடிக்கல் நாட்டப்பட்டபோது பணியில் சேர்ந்த இளைஞர், நீர் பாய்ந்தபோது ஐம்பதை நெருங்கியிருப்பார். ஒரு விளக்கின் ஒளிக்குப் பின்னால் இத்தனை ஆண்டுகளின் உழைப்பு நிற்கிறது.

பயிற்சி

1. எந்திரத்தால் துளைப்பதன் நன்மைகள் இரண்டினை எழுதுக.
2. எந்திரம் சேற்றில் புதைந்தது ஏன்?
3. ‘குறை எந்திரத்தில் மட்டும் இல்லை’ – இக்கருத்தை ஐந்து வரிகளில் விளக்குக.
4. பிரித்து எழுதுக: துணையாறு, அவ்வெந்திரம், முதற்கடமை.