மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்றலாமா? – ஒரு விளக்கம்



நம் வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் இப்போது புல்லட் இல்லாத தெரு குறைவு. வெளியூர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர் வழியாக மூணாறுக்கு மோட்டார் சைக்கிளிலேயே சுற்றுலா புறப்படுகிறார்கள். புறப்படும் முன்பாகப் பலரும் செய்ய விரும்பும் ஒரு வேலை, சைலன்சரை மாற்றுவது. “ஏனுங்க மாமா, சைலன்சர மாத்துனா சத்தமும் நல்லா வரும், வண்டியும் நல்லா இழுக்குமுங்களா?” என்று கேட்கும் இளைஞர்கள் ஒருபுறம். “இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி சொல்லுங்க” என்று கேட்கும் பெற்றோர் மறுபுறம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இரு சாராருக்கும் பயன்படும்படி சில செய்திகளை இங்கே தருகிறேன்.

புல்லட் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்து நிறுவனத்தாரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை அமைத்தார்கள். சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. எனவே இதை நம்மூர் வண்டி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

அதன் சத்தத்துக்குக் காரணம் சைலன்சர் என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். முதற்காரணம் என்ஜினின் அமைப்பு. பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. இது நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். ஆகவே கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு முறை தீப்பற்றும்.

இதை ஒரு கணக்காகப் பார்ப்போம். நிமிடத்துக்கு 900 சுற்றில் வண்டி நின்றபடி ஓடுகிறது என்றால், நிமிடத்துக்கு 450 வெடிப்பு. அதாவது நொடிக்கு ஏழரை. நம் காது இவற்றைத் தனித்தனி அடிகளாகவே கேட்கிறது. அதுதான் அந்த ‘டுப் டுப்’. அதே சுற்றில் நான்கு சிலிண்டர் என்ஜினில் நொடிக்கு 30 வெடிப்பு நிகழும். அங்கே அடிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஓசையாகிவிடும். சைலன்சர் எதை மாட்டினாலும் அந்த என்ஜினைப் புல்லட் போலப் பேச வைக்க முடியாது. வண்டியின் தாளம் என்ஜினிலேயே இருக்கிறது. சைலன்சர் அந்தத் தாளத்தின் உரப்பையும் குரலையும் மட்டுமே மாற்றுகிறது.

2020-க்குப் பிறகு வந்த புதிய 350 வண்டிகளில் விட்டம் 72, தூரம் 85.8 மில்லிமீட்டர், கொள்ளளவு 349 சி.சி. அதிர்வு குறைவு, சத்தமும் அடக்கம். பழைய வண்டியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றுவது இயல்பே. சைலன்சர் மாற்றும் ஆசை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது?

எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடன் சூடான வாயு அழுத்தத்தோடு பெண்ட் பைப்பில் பாய்கிறது. அதை அப்படியே வெளியே விட்டால் துப்பாக்கி வெடிப்பது போல இருக்கும். சைலன்சர் இரண்டு வழிகளில் அதைத் தணிக்கிறது.

முதல் வழி, தடுப்புத் தகடுகள். இவற்றைத்தான் மெக்கானிக்குகள் ‘பஃபிள்’ என்கிறார்கள். வாயு அகலமான அறைக்குள் விரிந்து, தகடுகளில் மோதித் திரும்பி, சிறு குழாய்கள் வழியாக அடுத்த அறைக்குப் போகிறது. மோதித் திரும்பும் ஒலி அலை எதிரே வரும் அலையை ஓரளவு அழித்துவிடுகிறது. இரண்டாவது வழி, கண்ணாடிப் பஞ்சு. துளையிட்ட குழாயைச் சுற்றி இப்பஞ்சை அடைத்திருப்பார்கள். கிறீச்சென்ற உயர்ந்த ஓசைகளை அது உறிஞ்சிக்கொள்ளும். கீழ் ஓசையை அதிகம் தொடாது. கடைகளில் ‘கிளாஸ் ஊல்’ சைலன்சர் என்று விற்பது இந்த வகை. கோல்டு ஸ்டார், பஞ்சாப், இந்தூரி, டால்பின் என்று பல பெயர்களில் கிடைப்பவற்றில் உள்ள வேறுபாடும், உள்ளே தகடு எத்தனை, பஞ்சு எவ்வளவு, குழாய் எவ்வளவு நேர் என்பதுதான். சிலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது, வெறும் குழாய்.

புதிய வண்டிகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகைக் குழாயோடு சேர்ந்தே இருக்கிறது. அதற்கு அருகில் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கிறது. முழுக் குழாயையும் கழற்றி மாற்றினால் இவையும் போய்விடும்.

மாற்றினால் வண்டி நன்றாக இழுக்குமா?

சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனத்துக்குத் தோன்றும். ஆனால் என்ஜினுக்குக் கிடைக்கும் காற்றும் பெட்ரோலும் அப்படியே இருக்க, வெளியேறும் வழியை மட்டும் திறந்துவிட்டால் பலன் பெரும்பாலும் எதிராகவே முடிகிறது.

கார்பரேட்டர் வண்டியில் கலவை மெலிந்துவிடும். அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். மெலிந்த கலவையில் என்ஜின் சூடேறும். பெண்ட் பைப் நீலம் பாயும். ஆக்சிலேட்டரை விட்டவுடன் சைலன்சரில் ‘பட பட’ என்று வெடிக்கும். இளைஞர்கள் ரசிக்கும் அந்த வெடிச் சத்தம் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிவதன் அடையாளம். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இதைச் சரிசெய்ய மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு ஜெட்டைத் தொடாமல் அனுப்பும் பட்டறைகள்தான் அதிகம். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் ஓரளவு சரிக்கட்டும். அதன் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

தாழ்ந்த சுற்றில் இழுவை குறைவதும் உண்டு. மறையூர் ஏற்றத்தில் மூட்டை முடிச்சுடன் இருவர் போகும்போது தேவைப்படுவது இந்தத் தாழ்சுற்று இழுவைதான்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் நிலைமை இன்னும் கடினம். 1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100-ஐ இன்றும் நம் பகுதியில் போற்றி வைத்திருக்கிறார்கள். அதில் சைலன்சரின் வயிறு போன்ற பகுதி, சிலிண்டரைவிட்டு வழிந்து வந்த புதிய கலவையை அலையாகத் திருப்பி உள்ளே தள்ளுகிறது. சைலன்சர் அங்கே என்ஜினின் ஓர் உறுப்பு. அதன் அளவு மாறினால் என்ஜினின் குணமே மாறிவிடும்.

டெசிபல் கணக்கு

ஒலியை டெசிபல் என்ற அளவால் குறிக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்கு. 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகக் கேட்கும். தூரம் இரட்டித்தால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும்.

175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு நம் நாட்டில் உற்பத்தி நிலையில் விதித்துள்ள உச்ச அளவு 80 டெசிபல். வண்டி ஓடும் கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நின்று அளப்பது இது. ஒரு வெறுங்குழாய் வண்டி அதே தூரத்தில் 95 டெசிபல் போடுவதாக வைத்துக்கொள்வோம். 15 மீட்டரில் 89, 30 மீட்டரில் 83, 60 மீட்டரில் 77, 120 மீட்டரில் 71, 240 மீட்டரில் 65. குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்துள்ள அளவு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45. வண்டி அந்த ஒரு நொடியில் போடும் சத்தம் கால் கிலோமீட்டருக்கு அப்பால் படுத்திருப்பவருக்கும் இந்த அளவுக்கு மேலாகவே போய்ச் சேர்கிறது. வீடும் மரமும் இடையில் நின்று சற்றுக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊர்களில் பெரும்பகுதி வயலும் தென்னந்தோப்பும் அல்லவா? இரவில் சத்தம் தங்குதடையின்றிப் போகும். கைக்குழந்தை, கன்று ஈன்ற மாடு, நெஞ்சுவலிக்காரர் இவர்களிடம் கேட்டால் தெரியும்.

ஓட்டுபவருக்கும் கேடு உண்டு. 85 டெசிபலை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்று வல்லுநர்கள் கணக்கிடுகிறார்கள். அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம். 100 என்றால் கால் மணி நேரம். காதினுள் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பலரும் கோவைக்குப் போய் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று எண்ண வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 1989-ஆம் ஆண்டு விதிகளில் 120-ஆம் விதி, ஒலியைக் குறைக்கும் சைலன்சர் ஒவ்வொரு வண்டியிலும் இருந்தாக வேண்டும் என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற இயலாது என்று தீர்ப்பளித்தது.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டபின் தண்டனை கூடியது. அனுமதியற்ற பாகம் மாட்டிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒலி, காற்று மாசு அளவுகளை மீறி ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. லைசென்சும் மூன்று மாதம் இழக்க நேரும். வழக்குக்குப் போகாமல் கட்டி முடிக்கும் சமரசத் தொகையை மாநில அரசுகள் நிர்ணயிக்கின்றன. கேரள மோட்டார் வாகனத் துறை 2022-இல் ‘ஆபரேஷன் சைலன்ஸ்’ என்ற பெயரில் தனிச் சோதனையே நடத்தியது.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு நேர்ந்தது இது. சோதனையில் பிடிபட்டு அபராதம் கட்டினார். பழைய சைலன்சரை மாட்டி வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். அதை அவர் முன்பே பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றுவிட்டார். புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அவருடைய அம்மா பால் ஊற்றிச் சேர்த்த பணம் அதற்குப் போயிற்று.

நோட்டீஸ் மலையாளத்தில் வந்தால் புரியாமல் தவிப்பவர்கள் நம்மிடையே உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் மிகுதியாக வாழும் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே கடிதம் எழுத உரிமை தந்தது. விளக்கம் கேட்டுத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம்.

விபத்து நேர்ந்தால், தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் நஷ்ட ஈட்டை மறுக்கவும் இடம் உண்டு.

அப்படியானால் நல்ல சத்தத்துக்கு வழியே இல்லையா?

உண்டு. சத்தம் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் பராமரிப்புக் குறைவே காரணம். கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. சிலிண்டர் ஹெட்டும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கட் கசிகிறதா? கரிப்புகை படிந்திருந்தால் கசிவு உண்டு. ‘டிக் டிக்’ என்ற கூர்மையான ஓசை பெரும்பாலும் இங்கிருந்துதான்.

2. பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப் இறுக்கமாக உள்ளதா? தாங்கும் போல்ட்டுகள் கழன்றிருந்தால் தகர ஓசை சேரும்.

3. சைலன்சரின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையா? என்ஜின் ஆறியபின் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே கலகலத்தால் பஃபிள் விட்டுப்போயிற்று.

4. பழைய வண்டியில் டேப்பட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், கார்பரேட்டர் ஐடிலிங் மூன்றும் சரியா? தாளம் தவறாமல் அடிக்க இவைதான் வேண்டும்.

5. ஏர் ஃபில்ட்டர் சுத்தமா?

6. சைலன்சர் மாற்றியே ஆக வேண்டுமென்றால், அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் சைலன்சரையே பில்லுடன் வாங்குங்கள். வேறு எதையும் கடைக்காரர் சிபாரிசு செய்தால், சாலையில் ஓட்ட அங்கீகாரம் பெற்றது என்ற சான்றை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் சோதனைச் சாவடியில் செல்லாது. பழைய சைலன்சரை எந்த நிலையிலும் விற்காதீர்கள்.

இவ்வளவும் செய்த ஒரு பழைய புல்லட்டை, 900 சுற்றில் நிற்க வைத்துக் கேட்டுப் பாருங்கள். அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, நிதானமாக விழும். வெறுங்குழாயில் அந்த நிதானம் இரைச்சலில் முழுகிப்போகும்.

நீண்ட பயணத்துக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டும். அப்போது என்ஜின் சத்தம் ஓட்டுபவருக்கே சரியாகக் கேட்பதில்லை. வழியில் உள்ளவர்களுக்குத்தான் கேட்கிறது. சின்னார் வழி வனவிலங்குச் சரணாலயத்தின் ஊடே செல்கிறது. அங்கே சாலையைக் கடக்கும் யானைக் கூட்டம் வெடிச்சத்தம் கேட்டு மிரண்டால், ஆபத்து முதலில் மோட்டார் சைக்கிள்காரருக்குத்தான்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையின் ஆசையைத் திட்டி அடக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து மேலே சொன்ன ஆறையும் பார்க்கச் சொல்லுங்கள். தன் கையால் கேஸ்கட் மாற்றிய பிள்ளைக்கு வண்டியின் மேல் வரும் பிரியம் வேறு. நிறைகுடம் தளும்பாது என்பார்கள் நம் பெரியவர்கள். நன்றாக ஓடும் வண்டியும் அப்படித்தான்.