குறடு பிடித்த தூதன்

கேள்வி: தேவதூதர்கள் பாவம் செய்யாதவர்கள். அப்படியிருக்க, ஏசாயா கண்ட தரிசனத்தில் சேராபீன்கள் கடவுளுக்கு முன் முகத்தை மூடிக்கொள்வது ஏன்? சேராபீன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?
– பாளையங்கோட்டை வாசகி ஒருவர்

பதில்: முதலில் பெயர். எபிரெயத்தில் 'சாராப்' என்றால் எரித்தல். அதிலிருந்து வந்த 'செராபீம்' என்பதே பன்மைதான். நாம் அதன் தலையில் இன்னொரு 'கள்' ஏற்றிச் 'சேராபீன்கள்' ஆக்கிவிட்டோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலரைக் கடித்த பாம்புகளுக்கும் எபிரெயத்தில் இதே சொல் வருகிறது. தமிழ் வேதாகமம் அவற்றைக் 'கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள்' என்று பெயர்த்ததால் இந்த உறவு நம் கண்ணில் படுவதில்லை.

எரிகிற இவர்களுக்கு ஆறு செட்டைகள். பறக்க இரண்டு போதும். இரண்டு முகத்தை மூட, இரண்டு காலை மூட. வெட்கத்தால் மூடுவதல்ல இது. பரிசுத்தம் என்றதும் நமக்குக் குற்றமின்மைதான் நினைவுக்கு வருகிறது. எபிரெய 'காதோஷ்' என்ற சொல்லிலோ தனித்து, விலகி நிற்பது என்ற பொருள் அழுத்தமானது. தூதன் குற்றமற்றவனாக இருக்கலாம், ஆனால் படைக்கப்பட்டவன். படைத்தவரோடு உள்ள அந்தத் தூரம் நன்னடத்தையால் குறையாது. 'பரிசுத்தர்' என்று மூன்று முறை அவர்கள் பாடுவதும் அதைச் சொல்லத்தான். ஒன்றை அழுத்திச் சொல்ல எபிரெயர் சொல்லை இரட்டிப்பார்கள், நாம் 'பெரிய பெரிய' என்பதுபோல. கடவுளின் வேறெந்தப் பண்பும் வேதாகமத்தில் இப்படி மும்முறை அடுக்கி வரவில்லை. இந்த மூன்றில் திரித்துவத்தைக் கண்டது பிற்காலத் திருச்சபை.

தரிசனம் கிடைத்தது உசியா ராஜா இறந்த வருஷம், ஏறக்குறைய கி.மு. 740. தூபகலசத்தோடு ஆலயத்துக்குள் துணிந்து போய், நெற்றியில் குஷ்டம் கண்ட ராஜா அவர். அவர் நெற்றியை நீட்டிய இடத்தில் சேராபீன்கள் முகத்தை மூடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த காட்சி. ஏசாயாவின் உதட்டைத் தொடப் பலிபீடத்திலிருந்து ஒரு சேராபீன் நெருப்புத்தழலை எடுத்து வருகிறான், குறட்டால்! பெயரிலேயே நெருப்பை வைத்திருப்பவனுக்கும் அந்த நெருப்பை எடுக்கக் குறடு வேண்டியிருக்கிறது.

தூதர்களின் குறைவுக்கு யோபு 4:18-ஐப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அங்கே பேசுவது யோபுவின் நண்பன் எலிப்பாஸ். கடைசியில் கடவுளாலேயே கடிந்துகொள்ளப்பட்ட ஆள். அந்தச் சாட்சியை நான் நம்பி நிற்கமாட்டேன். மாற்கு 13:32 போதும்: கடைசி நாள் எப்போது என்பது தூதர்களுக்குத் தெரியாது என்கிறார் இயேசு. தானியேலிடம் வந்த தூதனோ வழியில் 21 நாள் தடைபட்டான்.

தங்கள் எல்லை அவர்களுக்கே நன்றாகத் தெரியும். வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தில் யோவான் தூதனின் காலில் விழுகிறார். அவனோ, தானும் ஓர் உடன் ஊழியக்காரன்தான் என்று தடுத்து, கடவுளைத் தொழச் சொல்கிறான்.